பூட்டிய வீட்டில் ஒரு குளிர்ப்பெட்டி



இம்மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது. எழுதியவர் ஓர் அம்மையார். கணவரின் வேலை நிமித்தமாக எட்டு மாதம் வெளியூரில் தங்கியிருந்துவிட்டு, பிள்ளைகளுடன் ஊர் திரும்பியிருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொழுந்தனாரிடம் கொடுத்துச் சென்றார். ஐப்பசி மழையில் இடியும் மின்னலும் கடுமையாக இருந்த ஒரு நாளில், அவர் நல்லெண்ணத்தோடு மின்சாரத்தின் தலைமை விசையை அணைத்தார். அணைத்தது அணைத்தபடியே இருந்துவிட்டது. உள்ளே உறைந்திருந்த சாளை மீனும், ஒரு பாத்திரம் தோசை மாவும், பாதிப் பால் உறையும் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

“இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஊதுவத்தி ஏற்றி வைத்தேன். பாச்சை உருண்டையும் போட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்தால் இன்னும் வீடு முழுவதும் நாறுகிறது. மாமியார், பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அது நாங்கள் தவணை கட்டி வாங்கிய பெட்டி. இதற்கு வழியுண்டா?” என்று அவர் கேட்கிறார்.

வழியுண்டு என்பதே நமது விடை. ஆயினும் இஃது ஒரு வீட்டின் கவலையன்று. நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைச் சிற்றூர்களில் இத்தகைய பூட்டிய வீடுகள் அநேகம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் பல குடும்பங்களுக்குப் பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு மறு மாநிலத்திலும் அமைந்தன. 1979-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டபின் போக்குவரவு மேலும் பெருகிற்று. வளைகுடா நாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் சென்றோர் பின்னர்ப் பலர். கோடை விடுமுறையில் மூட்டை முடிச்சுகளோடு நிலையத்தில் வந்து நிற்கும் குடும்பங்களை நாள்தோறும் காணும் நமக்கு, அவர்கள் பின்னே பூட்டிவிட்டு வரும் வீடுகளின் நினைவும் எழாமல் இராது. ஆதலின் அந்த அம்மையாருக்கு எழுதும் விடையை அனைவருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

பண்டைத் தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தையும் குறித்த சொல். இந்நாளில் அது ஒரு பக்கமே சாய்ந்துவிட்டது. குளிர்ப்பெட்டியைப் பொறுத்தமட்டில் அந்தப் பக்கத்தைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. அவ்வளவே. பெட்டியின் உட்புறம் 4 டிகிரி செல்சியசுக்குள்ளும், உறைபனி அறை கழித்தல் 18 டிகிரியிலும் இருக்கும்வரை உணவு ஓரளவு காக்கப்படும். மின்சாரம் நின்றுவிட்டால், கதவைத் திறவாதிருந்தாலும் கீழ் அறையின் குளிர் ஏறக்குறைய நான்கு மணி நேரமே தாங்கும். நிறைந்த உறைபனி அறை இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கலாம். அதன்பின் அது குளிர்ப்பெட்டியன்று. காற்றுப் புகாத, இருண்ட, ஈரம் நிறைந்த ஓர் அலமாரி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் நமது பகுதியில், அத்தகைய அலமாரிக்குள் பூசணம் பூக்காமல் இருந்தால்தான் வியப்பு.

உள்ளே உணவு ஒன்றுமே இல்லாத பெட்டியும் நாறுவதுண்டு. கழுவித் துடைத்து மூடிவைத்தோமே என்று சிலர் மலைப்பர். மூடிவைத்ததே காரணம். துடைத்தபின் தங்கிய சிறு ஈரமும், ரப்பர் வாரின் மடிப்பில் ஒட்டிய எள்ளளவு உணவுத் துணுக்கும் பூசணத்துக்குப் போதும்.

மற்றொரு காரணமும் உண்டு. பெட்டியின் உட்சுவர் பிளாஸ்டிக்கால் ஆனது. எண்ணெய்ப் பசையுள்ள வாசனைகள் பிளாஸ்டிக்கினுள் சிறிது சிறிதாக ஊறிவிடும். ஊறுகாய் வைத்த பிளாஸ்டிக் டப்பா எத்தனை கழுவினாலும் ஊறுகாயை மறக்காதிருப்பதைத் தாய்மார் அறிவர். ஆதலால் மேற்புறத்தை ஒருமுறை கழுவிய மாத்திரத்தில் நாற்றம் அகலாது. ஊறியது வெளியேறக் காற்றும் காலமும் வேண்டும். அந்த அம்மையார் இருமுறை கழுவியும் பயன் காணாததன் காரணம் இதுவே.

துப்புரவுப் பணி

முதற்கண் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக. விசையை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டின் சன்னல்களைத் திறந்து, கைக்கு உறையும் மூக்குக்குத் துணியும் அணிந்துகொள்க. பூசணத் தூள் சிலருக்கு இழுப்பை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் அவ்விடத்தில் நிற்க வேண்டா.

உள்ளிருக்கும் உணவு யாவற்றையும் எறிந்துவிடுக. “ஊறுகாய்தானே, அடைத்த பொடிதானே” என்று தயங்குவது வேண்டா. மின்சாரமின்றிப் பல நாள் கிடந்த பெட்டியில் இருந்த பொருளை மோந்து பார்த்தோ, சுவைத்துப் பார்த்தோ முடிவு செய்வது ஆபத்து. நோய் தரும் கிருமிகள் பல, நாற்றமோ நிற மாற்றமோ காட்டுவதில்லை. மீனும் இறைச்சியும் இருந்தால் தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பது நன்று. மேலோட்டமாக மூடினால் நாய் தோண்டிவிடும்.

அடுத்து, தட்டுகள், காய்கறிப் பெட்டி, கதவின் அடுக்குகள், பனிக்கட்டித் தட்டு முதலிய கழற்றக்கூடிய அனைத்தையும் கழற்றி வெளியே எடுத்துச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துக. குளிர்ந்திருக்கும் கண்ணாடித் தட்டின்மேல் வெந்நீர் ஊற்றினால் வெடிக்கும். பிளாஸ்டிக்கைக் கடும் வெயிலில் நாள் கணக்கில் போட்டுவைத்தால் மஞ்சளித்து நொறுங்கும். காலை வெயிலும் காற்றும் போதுமானவை.

பின்னர்ப் பலரும் மறந்துவிடும் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். கழுவியும் நாறுகிறது என்போரில் மிகுதியானவர்கள் இவற்றைத் தொடாமல் விட்டவர்களே.

ஒன்று, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வார். அதன் மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால் கரும்புள்ளியாகப் பூசணம் தெரியும். பழைய பல் தேய்க்கும் பிரஷினால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும்.

இரண்டு, உட்புறத்துப் பின்சுவரின் அடியில் உள்ள சிறு வடிகால் துளை. பனி உருகிய நீர் இதன் வழியே வெளியேறும். அழுகியதன் சாறும் இதன் வழியேதான் சென்றிருக்கும். துளையினுள் வெதுவெதுப்பான சோப்பு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கழுவுக. கூரிய கம்பியை நுழைத்தல் தகாது.

மூன்று, பெட்டியின் பின்புறம், மோட்டாரை ஒட்டி அமைந்த நீர்த்தட்டு. துளையிலிருந்து வரும் நீர் இதில் தேங்கி, மோட்டாரின் சூட்டில் ஆவியாகும். உள்ளே கண்ணாடிபோல் துடைத்துவிட்டு இந்தத் தட்டை மறந்தால் பணி முழுதும் வீண். சில பெட்டிகளில் தட்டைக் கழற்றலாம். கழற்ற இயலாதவற்றில் துணியைச் சுற்றிய குச்சியால் துடைத்தெடுக்கலாம். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திய அந்த நேரத்திலேயே, எலி மின்கம்பியைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுக. பூட்டிய வீட்டில் அது நிகழக்கூடியதே.

சோடாவும் புளிப்பும்

இனி மருந்துக்கு வருவோம். நாற்றம் எல்லாம் ஒரு சாதியன்று. புளித்த பால், கெட்ட மாவு ஆகியவற்றின் நாற்றம் பெரும்பாலும் அமிலச் சார்புடையது. மீன் நாற்றமோ காரச் சார்புடையது. கடல் மீனின் தசையிலுள்ள ஒரு பொருளைக் கிருமிகள் சிதைக்கும்போது டிரைமெதிலமைன் என்னும் காரம் பிறக்கிறது. மீன் நாற்றத்தின் தலையாய மூலம் அதுவே. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றின் கரையில் பிடித்த கடல் மீனுக்கு உள்ள வீச்சம் குளத்து மீனுக்கு அவ்வளவாக இல்லாதிருப்பது இதனால்தான். மீனைப் புளியும் உப்பும் இட்டு உரசிக் கழுவும் நம் பாட்டிமார், காரத்தை அமிலத்தால் முறிக்கும் இரசாயனத்தைப் பெயர் அறியாமலே பயின்றிருந்தனர்.

ஆகவே முறை இதுதான். முதலில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, உட்புறம் முழுவதையும் துடைக்கவும். இது புளிப்பு நாற்றத்தை முறிக்கும். பிறகு தூய நீரால் துடைத்து உலரவிடுக. மறுநாள் வினிகரும் நீரும் சம அளவாகக் கலந்து மீண்டும் துடைக்கவும். இது மீன் நாற்றத்தை முறிக்கும். வினிகர் இல்லாவிடில் எலுமிச்சைச் சாறு உதவும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பதால் நுரை பொங்கும். பார்ப்பதற்குப் பெரும் வேலை நடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவை ஒன்றையொன்று முறித்துவிட, எஞ்சுவது வெறும் உப்பு நீர்தான். எனவே இரண்டையும் வேறு வேறு வேளைகளில் பயன்படுத்துக.

இறைச்சியும் மீனும் அழுகிய பெட்டியில் கிருமி நீக்கமும் வேண்டும். மணம் சேர்க்காத திரவ பிளீச்சு ஒரு மேசைக்கரண்டியை நான்கு லிட்டர் நீரில் கலந்து துடைத்து, பின்பு தூய நீரால் நன்கு துடைக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: பிளீச்சோடு வினிகரையோ, எலுமிச்சைச் சாற்றையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். அடைத்த சமையலறையில் அது உயிருக்கே ஊறு செய்யும். ஒரு நாள் பிளீச்சு, மறுநாள் வினிகர், இடையே தூய நீர் என்று கொள்க.

சிரட்டைக் கரியின் சேவை

துடைத்து உலர்த்தியபின் பெட்டியின் கதவை இரண்டு மூன்று நாள் திறந்தே வைத்துக் காற்றாட விடுக. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பின், அந்த அறையைப் பூட்டி வைப்பது இன்றியமையாதது. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

அதன் பின்னும் எஞ்சும் நாற்றத்தை உறிஞ்சி எடுக்கக் கரியை நம்பலாம். கரியின் உள்ளே கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. நாற்றத் துகள்கள் அத்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. நீரையும் காற்றையும் வடிக்கும் தொழிற்சாலைகள் விரும்பி வாங்கும் செயலூட்டிய கரி, தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்யப்படுகிறது. நம் வீட்டுக் கொல்லையில் குவிந்து கிடக்கும் சிரட்டைக்கு உலகச் சந்தையில் அத்துணை மதிப்பு! நாம் அடுப்பில் சுடும் கரிக்குச் செயலூட்டிய கரியின் ஆற்றல் இல்லையெனினும், அதுவும் ஓரளவு உதவும். நன்றாக எரிந்து புகையடங்கிய சிரட்டைக் கரியை, முற்றிலும் ஆறியபின் சிறு துண்டுகளாக உடைத்து, அகன்ற தட்டுகளில் பரப்பித் தட்டுக்கு ஒன்றாக வைத்துக் கதவை மூடுக. மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கரி மாற்றுக. பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து வைத்தால் ஈரத்தையும் நாற்றத்தையும் ஒருங்கே உறிஞ்சும். காபித்தூளோ ஆப்பச் சோடாவோ அகன்ற தட்டில் பரப்பி வைப்பதும் உண்டு. எதுவாயினும் ஒரே இரவில் பலன் எதிர்பார்க்க வேண்டா. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஊதுவத்தி, சூடம், அத்தர், பாச்சை உருண்டை ஆகியவை நாற்றத்தைப் போக்குவதில்லை. அதன்மேல் மற்றொன்றை ஏற்றுகின்றன. பாச்சை உருண்டையும் பினாயிலும் நஞ்சுகள். உணவு வைக்கும் பெட்டிக்குள் அவை வரவே கூடாது. அந்த அம்மையார் இட்ட உருண்டைகளை உடனே எடுத்தெறிந்து, மேலே சொன்ன சோடா நீரால் இருமுறை துடைத்து, கூடுதலாகச் சில நாள் காற்றாட விடும்படி வேண்டுகிறோம்.

உறைந்த பனியையோ ஒட்டிய அழுக்கையோ கத்தியால் சுரண்டுவதும் தவறு. சுவரின் உள்ளே ஓடும் குழாயில் துளை விழுந்தால் வாயு வெளியேறிவிடும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ என்னும் வாயு தீப்பற்றக்கூடியது. பெட்டியின் பின்புறத்துத் தகட்டில் வாயுவின் பெயர் பொறித்திருக்கும். பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கைவிட வேண்டிய பெட்டி

இத்தனையும் செய்து பத்து நாள் கழித்தும் நாற்றம் முன்போலவே இருந்தால், அழுகிய சாறு உட்சுவரின் விரிசல் வழியே உள்ளிருக்கும் பஞ்சு போன்ற நுரையில் ஊறிவிட்டது என்று கொள்ளலாம். அது கழுவி நீக்கக்கூடியதன்று. அப்போது பெட்டியைக் கைவிடுவதே அறிவுடைமை.

கைவிடும் முறையில்தான் உயிர் பற்றிய செய்தி அடங்கியிருக்கிறது. பழைய பெட்டிகளின் கதவு வெளியே உள்ள தாழ்ப்பாளால் இறுக மூடிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க இயலாது. கொல்லையில் எறிந்த பெட்டிக்குள் ஒளிந்து விளையாடப் புகுந்த குழந்தைகள் மூச்சடைத்து மாண்ட கொடுமை அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. அதன் பயனாக அந்நாட்டில் 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1958-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி முதல் செய்யப்படும் பெட்டிகள் உள்ளிருந்து திறக்கக்கூடியவையாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தாழ்ப்பாள் போய்க் காந்த வார் வந்ததற்கு இச்சட்டமும் ஒரு காரணம். காந்தக் கதவு தள்ளினால் திறக்கும் என்பது உண்மையே. ஆனால் இருட்டில் மிரண்ட சிறு குழந்தைக்கும், கதவு சுவரையோ தரையையோ பார்த்துக் கிடக்கும் பெட்டிக்குள் அகப்பட்ட குழந்தைக்கும் அந்த உண்மை பயன்படாது. பெட்டிக்குள் காற்று மிகக் குறைவு. ஆதலின் பயனற்ற பெட்டியைத் திண்ணையிலோ மாட்டுத் தொழுவத்திலோ வைப்பதாயின், முதலில் கதவைக் கழற்றி எடுத்துவிடுக. திருகாணிகள் சிலவே, அரை மணி நேர வேலை.

தெருவோடு போகும் வியாபாரி பெட்டியை உடைத்துச் செம்புக் குழாயை எடுத்துக்கொண்டு எஞ்சியதை எறிவதற்கும் இடம் கொடாதீர். பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 என்னும் வாயு, வானில் ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி அது உலகெங்கும் விலக்கப்பட்டது. நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. குளிர்ப்பெட்டியும் அவற்றுள் அடங்கும். புதிய பெட்டி வாங்கும் கடையில் பழையதை ஏற்பார்களா என்று கேட்டும், ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தும் செய்வது முறை.

புறப்படும் முன்

வந்தபின் கழுவுவதைவிடப் புறப்படும் முன் எண்ணுவது எளிது. ஒரு மாதத்துக்கு மேற்பட்டு வீட்டைப் பூட்டுவோர் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பெட்டியைக் காலி செய்து, மின்சாரத்தை நிறுத்தி, பனி முழுதும் உருகவிட்டு, சோடா நீரால் துடைத்து உலர்த்துக. புறப்படும் அன்று நேரம் இராது; ஈரத்தோடு மூட நேரிடும். பின்புறத் தட்டின் நீரையும் கொட்டிவிடுக. கதவு மூடிக்கொள்ளாதபடி, சுருட்டிய துண்டு ஒன்றை இடையில் வைத்துக் கயிற்றால் கட்டுக. பூட்டிய வீட்டினுள் குழந்தைகள் புகமாட்டார்கள் ஆதலால் இது பாதுகாப்பே. உள்ளே ஒரு தட்டுச் சிரட்டைக் கரி இருக்கட்டும்.

சில நாளுக்கே வெளியூர் செல்வோர் பெட்டியை ஓடவிட்டுச் செல்லலாம். அவர்களுக்கு ஒரு சிறு உபாயம்: ஒரு குவளை நீரை உறையவைத்து, உறைந்த பனியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்க. திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை. குவளையின் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நாளில் மின்சாரம் நெடுநேரம் நின்று பனி உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. அந்த உணவை உண்ண வேண்டா. மின்னலுக்காகத் தலைமை விசையை அணைப்பவர் மீண்டும் போட வேண்டும் என்பதைச் சாவி வாங்கும் உறவினரிடம் சொல்லிவைப்பதும் நன்று. ஒரு சீட்டில் எழுதி விசையின் அருகே ஒட்டுவது அதனினும் நன்று.

வேலை மாற்றத்தால் பெட்டியை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வோர், அதை நிறுத்திய நிலையிலேயே ஏற்றுவதே தக்கது. படுக்கவைக்க நேர்ந்தால், இறக்கியபின் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்து பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மோட்டாரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும்.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு இறுதியாக ஒரு சொல். மாமியார் சொல்வதும் முற்றிலும் தவறன்று. பத்து நாளுக்குப் பிறகும் நாறும் பெட்டியை வீட்டில் வைத்திருப்பதில் பயனில்லை. ஆனால் அந்தப் பத்து நாளைக் கொடுத்துப் பார்க்குமுன் தவணைப் பணத்தை இரும்பு விலைக்கு விற்க வேண்டா. முதலில் பெட்டியை முன்னே இழுத்து, பின்புறத்து நீர்த்தட்டைப் பாருங்கள். சோப்புப் போட்டு இருமுறை கழுவியும் போகாத நாற்றம் அங்கே குடியிருக்கக்கூடும். பலன் யாதென்று நமக்கு எழுதுக. அடுத்த இதழில் மற்ற அன்பர்களுக்கும் அதை அறிவிப்போம்.